வில்லும் சொல்லும்: கலைவாணர் விட்டுச்சென்ற கணக்கு

எழுதி வைத்த வசனம் எதுவுமின்றி மேடையேறி, அவையோர் தரும் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, அந்த நொடியிலேயே கதையும் சிரிப்பும் படைக்கும் கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ‘இம்ப்ராவ்’ என்பது அதன் பெயர். அதே கலைஞர்களில் பலர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து, வாரந்தோறும் ஒரு விருந்தினரோடு உரையாடி, அதனைக் கைப்பேசி வழியே நம் காதுகளுக்கு அனுப்புகின்றனர். இது ‘பாட்காஸ்ட்’ எனப்படும் வலையொலி. இளைஞர்கள் இவற்றைப் புதுமை என்று கொண்டாடுகின்றனர். பெரியவர்களோ, பேசிச் சிரிக்க வைப்பதும் ஒரு பிழைப்பா என்று ஐயுறுகின்றனர்.

இவ்விரு தரப்பாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு வாழ்க்கை நம் மொழியிலேயே உண்டு. நாடக மேடையில் நினைத்த மாத்திரத்தில் சிரிப்பைப் படைத்தவர், வில்லின் முன் அமர்ந்து ஊரோடு உரையாடியவர், நிறைய ஈட்டியவர், நிறையக் கொடுத்தவர், 48 வயதிலேயே மறைந்தவர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் அவ்வாழ்வை, கலையின் பக்கமிருந்தும் கணக்கின் பக்கமிருந்தும் இவ்விதழில் காண்போம்.

‘ஆமாம்’ என்னும் மூலதனம்

மேலைநாட்டில் இக்கலைக்கு ஒழுங்கான பயிற்சிமுறை வகுத்தவர்களுள் முதன்மையானவர் வயோலா ஸ்போலின். அமெரிக்காவின் சிகாகோ நகரில், குடியேறி வந்த ஏழைக் குழந்தைகளோடு பணியாற்றியபோது, விளையாட்டுகளின் வழியே நடிப்பைக் கற்பிக்கும் முறையை அவர் உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் உள்ளிட்டோர் 1959-இல் அதே நகரில் ‘செகண்ட் சிட்டி’ என்னும் அரங்கைத் தொடங்கினர். இங்கிலாந்தில் பிறந்து கனடாவில் வாழ்ந்த கீத் ஜான்ஸ்டன், 1979-இல் வெளிவந்த தம் நூலின் வழியாக இக்கலையின் நெறிகளை உலகறியச் செய்தார்.

அந்நெறிகளுள் தலையாயது ஒன்று. மேடையில் உடனிருப்பவர் எதைச் சொன்னாலும் அதனை மறுக்கலாகாது. ‘ஆமாம்’ என்று ஏற்றுக்கொண்டு, அதன்மேல் ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும். ஒருவர் ‘மழை பெய்கிறதே’ என்றால், மற்றவர் ‘இல்லையே, வெயில் அல்லவா’ என்று மறுத்தால் கதை அங்கேயே மடிந்துவிடும். ‘ஆமாம், குடையை நேற்றுத்தான் அடகு வைத்தேன்’ என்றால் கதை பிறக்கிறது.

தென்பாண்டி நாட்டாருக்கு இது புதிய பாடமாகத் தோன்றாது. வில்லுப்பாட்டில் நடுவே அமர்ந்து வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்பவர் ஒவ்வொரு தொடரையும் முடிக்கையில், குடம் அடிப்பவரும் பக்கத்தில் அமர்ந்திருப்போரும் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொள்வர். அந்த ஓர் ஒலியே கதையை முன்னே நகர்த்தும். சில வேளை ‘அது எப்படி அண்ணாச்சி?’ என்று பக்கத்தவர் குறுக்கே ஒரு கேள்வியைப் போடுவார். கதை சொல்பவர் அதற்கு அப்போதே விடை கட்ட வேண்டும். ‘ஆமாம் போடுவது’ என்று நாம் சற்றே ஏளனமாகச் சொல்லும் வழக்கு, அக்கலையில் ஒருவர்க்கொருவர் தரும் நம்பிக்கையின் அடையாளமாக நிற்கிறது.

வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் இதே பணியைக் கட்டியக்காரன் செய்கிறான். பாத்திரங்களை அறிமுகப்படுத்துவான், அரசனையும் கிண்டல் செய்வான், வேடம் கட்டுவோர்க்கு நேரம் வேண்டுமெனில், அவையோடு பேசியே அந்நேரத்தை நிரப்புவான். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் வழங்கும் ஸ்பெஷல் நாடகத்திலோ, நடிகர்கள் ஒரே குழுவினராக இருப்பதில்லை. தனித்தனியே ஒப்பந்தமாகி, அன்றிரவு மேடையில்தான் ஒன்றுகூடுவர். ஒத்திகை இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களும் கதைப்போக்கும் அனைவருக்கும் மனப்பாடம். பபூன் பேசும் பகடி மட்டும் அந்தந்த இரவில், அந்தந்த ஊரைப் பார்த்துப் பிறப்பது.

இம்மரபுகள் வழங்கிய தமிழகத்தின் தென்கோடியில் பிறந்தவரே கிருஷ்ணன்.

ஒழுகினசேரிச் சிறுவன்

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், சுடலைமுத்துப் பிள்ளை – இசக்கியம்மாள் இணையருக்கு அவர் பிறந்தார். அந்நாளில் அப்பகுதி திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. வீட்டில் வறுமை. பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றது. சிறுவன் சிறு வேலைகள் பார்த்தான். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான். விற்றுக்கொண்டே பார்த்த நாடகங்கள் அவனுக்குப் பள்ளியாயின. ஊர்க்கோயில் கொடைகளில் கேட்ட வில்லுப்பாட்டு மற்றொரு பள்ளி.

அக்காலத்தில் தமிழ் நாடகத்தை நடத்தியவை பெரும்பாலும் ‘பாய்ஸ் கம்பெனி’கள். சிறுவர்களைச் சேர்த்து, உணவும் உறைவிடமும் தந்து, பாட்டும் நடிப்பும் பயிற்றி, ஊர் ஊராக அழைத்துச் செல்வர். அத்தகைய குழுக்களில் ஒன்றாகிய டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் கிருஷ்ணன் வளர்ந்தார். நாடகத்தின் மற்றப் பகுதிகள் எழுத்தில் கட்டுண்டவை. நகைச்சுவை நடிகருக்கோ ஓரளவு விடுதலை உண்டு. நேற்றுச் சிரித்த இடத்தில் இன்றைய அவை சிரிக்காவிட்டால், அந்த நொடியிலேயே வேறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். சபையின் ‘தேசபக்தி’ நாடகத்தில் காந்தியடிகளின் கதையை வில்லுப்பாட்டாக அமைத்து அவர் பாடியதும் இவ்விடுதலையின் பயனே. இதிகாசக் கதைகளும் தெய்வக் கதைகளும் ஒலித்துவந்த வில்லில், வாழ்ந்துகொண்டிருந்த ஒரு தலைவரின் வரலாறு ஏறியது.

திரைக்குள் ஒரு தனிக் கடை

1935-இல் ‘மேனகா’, 1936-இல் ‘சதிலீலாவதி’ எனக் கிருஷ்ணனின் திரைவாழ்வு தொடங்கியது. எஸ்.எஸ். வாசனின் கதையை எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’, பின்னாளில் தமிழக முதல்வரான எம்.ஜி. இராமச்சந்திரனுக்கும் முதற்படம்.

‘வசந்தசேனா’ படத்தின்போது டி.ஏ. மதுரத்தை அவர் சந்தித்தார். இருவரும் மணந்துகொண்டனர், திரையிலும் இணையாயினர். கணவன் ஒன்றைச் சொல்ல, மனைவி அதனை மடக்க, மடக்கியதிலிருந்து அடுத்தது பிறக்கும் அவர்களுடைய உரையாடலைப் படம் பார்க்க வந்தோர் தனியே எதிர்பார்த்தனர். மதுரம் வெறுமனே தலையாட்டும் துணையாக இருந்ததில்லை. பல காட்சிகளில் கணவனைத் திருத்தும் அறிவு அவர் பக்கமே இருந்தது. பெண்ணைப் பேதையாகக் காட்டிச் சிரிக்க வைப்பது எளிதாயிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

கிருஷ்ணன் கையாண்ட தொழில்முறையும் நோக்கத்தக்கது. நகைச்சுவைப் பகுதியைத் தாமே சிந்தித்து, தம் குழுவினரைக் கொண்டு தனியே உருவாக்கி, முதன்மைக் கதையோடு இணைத்துத் தரும் பொறுப்பை அவர் ஏற்றார். ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் தமக்கென ஒரு கடையை நடத்துவது போன்றது இது. சரக்குக்கும் தரத்துக்கும் அவரே பொறுப்பு. பாடல்களுக்கு உடுமலை நாராயணகவி பெருந்துணையாக வாய்த்தார். ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘கண்ணகி’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று அந்நாளின் பெரும் படங்கள் பலவற்றில் அவர் கடை விரித்தார்; வியாபாரமும் செழித்தது.

தனி ஒருவரை நோகடிக்காமல் சிரிக்க வைப்பது அவர் வகுத்துக்கொண்ட எல்லை. மூடநம்பிக்கை, சாதிச் செருக்கு, குடி, வீண்பெருமை ஆகியவை அவருடைய இலக்குகள். பின்னாளில் ‘ராஜா ராணி’ படத்தில், சிரிப்பு எத்தனை வகைப்படும் என்பதை ஒரு பாடலாகவே அவர் நடித்துக் காட்டினார். தம் தொழிலின் கருவியைப் பிரித்துக் காட்டும் கைவினைஞரின் பெருமிதம் அதில் தெரியும்.

முப்பது மாதங்கள்

1944-ஆம் ஆண்டு நவம்பரில், சென்னையில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். திரையுலகினரின் சொந்த வாழ்வைப் பற்றி எழுதி வந்தவர் அவர். அவ்வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். 1945-இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை வழக்குச் சென்று, மறு விசாரணைக்காகத் திரும்பி வந்தது. வழக்கறிஞர் வி.எல். எத்திராஜ் வாதிட, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டனர். இடையில் கழிந்தவை ஏறத்தாழ முப்பது மாதங்கள்.

இந்த முப்பது மாதங்களை நம் வாசகர்கள் ஒரு குடும்பத் தலைவியின் இடத்தில் நின்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஈட்டுபவர் சிறையில். வருவாய் ஒரே நாளில் நின்றுவிட்டது. வழக்குச் செலவோ நாளும் ஏறுகிறது. நம்பியிருந்த குழுவினருக்கும் வேறு வழியில்லை. 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. கூட்டம் கூட்டமாக மக்கள் அப்படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நாள்களில், சிரிக்க வைத்தவர் சிறைக்கம்பிகளுக்குப் பின்னே இருந்தார். படம் எத்தனை நாள் ஓடினாலும் நடிகருக்கு அதனால் புதிய வருவாய் வருவதில்லை. ஒருமுறை பெற்ற ஊதியத்தோடு கணக்கு முடிந்தது.

மதுரம் கலங்கி அமரவில்லை. நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமம் முதலானோரின் துணையோடு, கணவர் பெயரிலேயே நாடக சபையை நடத்தினார். ‘பைத்தியக்காரன்’ என்னும் நாடகம் அச்சபையின் வெற்றிகளுள் ஒன்று. அதுவே 1947-இல் திரைப்படமாகவும் வந்தது. விடுதலையாகி வந்த கிருஷ்ணனுக்காக அதில் ஒரு வேடமும் சேர்க்கப்பட்டது. கணவரின் கலையில் மதுரத்துக்கு இருந்த பங்கு, நெருக்கடி வந்தபோதுதான் முழுமையாக வெளிப்பட்டது. தொழிலின் போக்கு அவருக்குத் தெரிந்திருந்தது, ஆட்களைத் தெரிந்திருந்தது, வரவும் செலவும் தெரிந்திருந்தன. அவருக்கு இவை தெரியாமல் இருந்திருந்தால் அந்தச் சபையும் வழக்கும் என்னவாகியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

விடுதலைக்குப் பின் பாகவதரின் திரைவாழ்வு பழைய உயரத்தை எட்டவில்லை. கிருஷ்ணனோ மீண்டும் எழுந்தார். 1948-இல் ஜெமினியின் ‘சந்திரலேகா’வில் மதுரத்தோடு தோன்றினார். காதற் பாட்டுக்கு இளமை மாறாத தோற்றமும் குரலும் வேண்டப்பட்டன. நகைச்சுவைக்கோ பட்ட அனுபவமும் மூலப்பொருளாயிற்று.

கிந்தனாரும் தங்கவயலும்

1949-இல் வந்த ‘நல்லதம்பி’க்கு அறிஞர் அண்ணா கதை வசனம் எழுதினார், கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினர். மதுவிலக்கை வலியுறுத்திய அப்படத்தில் இடம்பெற்ற ‘கிந்தனார்’ காலட்சேபம் கலைவாணரின் புகழ்மிக்க படைப்பு. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவை அவர் எடுத்துக்கொண்டார். நந்தன் இறைவனைக் காண ஏங்கினான். கிந்தன் கல்வியைக் காண ஏங்குகிறான். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அச்சிறுவன் இரயிலேறி நகரம் சென்று, படித்து, அதிகாரியாக ஊர் திரும்புகிறான். ஒரு பாகவதரைப் போலவே நின்று, பக்கத்தில் ஒத்தூதுவோரை வைத்துக்கொண்டு, இடையிடையே சமகாலச் செய்திகளைப் போகிற போக்கில் தட்டிவிட்டுச் செல்லும் அந்தப் பாங்கைக் கேட்போர், ஒரு வலையொலித் தொகுப்பாளரின் முன்னோடியை அங்கே காண்பர்.

கிந்தனின் கதை நாடெங்கும் உழைக்கும் மக்களின் கனவாக இருந்த காலம் அது. கோலார் தங்கவயலை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே கால் பதித்தபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் சுரங்க வேலைக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள். 1902-இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து அங்கு மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரைக்குக் கீழே 3 கிலோமீட்டரையும் தாண்டி இறங்கியது. அந்த ஆழத்தின் வெப்பத்திலும், பாறை வெடித்துச் சரியும் அச்சத்திலும் உழைத்தவர்கள், ஊரின் கூத்து மரபையும் கல்வி ஆர்வத்தையும் உடன்கொண்டு வந்திருந்தனர். அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இயங்கியது அந்தத் தங்கவயலில்தான். சுரங்கத்தில் இறங்கிய தந்தை, மகன் இறங்கக்கூடாது என்று விரும்பியதே அங்கே கல்வியின் தொடக்கம். கிந்தனார் கதையின் சாரமும் அதுவே.

2001 பிப்ரவரி 28-இல் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூறாண்டுக்கு மேல் ஒரு நகருக்கு ஊதியம் தந்த ஊற்று ஒரு நாளில் வற்றியது. இன்றும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு இரயிலேறிச் சென்று உழைத்து, இரவில் வீடு திரும்புவோர் அங்கே ஏராளம். மதுரத்தின் வீட்டில் நேர்ந்தது ஒரு நகருக்கே நேர்ந்தால் எப்படியிருக்கும் என்பதற்குத் தங்கவயல் சான்று. தங்கத்தின்மேல் வாழ்ந்தவர்களுக்கும், அந்தத் தங்கம் சேமிப்பாகத் தங்கிவிடவில்லை.

முதல் தேதியின் பாட்டு

பணத்தைப் பற்றிக் கலைவாணர் நிறையவே சிந்தித்திருக்கிறார். 1951-இல் ‘மணமகள்’ படத்தை இயக்கிய அவர், அடுத்த ஆண்டில் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்த ‘பணம்’ என்னும் படத்தை இயக்கினார். தலைப்பே பேசுபொருளைச் சொல்லிவிடுகிறது. 1951-இல் சோவியத் நாட்டுக்குச் சென்று வந்தபின், உழைப்பையும் ஊதியத்தையும் பற்றிய அவருடைய எண்ணங்கள் மேலும் கூர்மை பெற்றன.

1955-இல் வெளிவந்த ‘முதல் தேதி’யில் அவர் பாடி நடித்த பாட்டு, மாதச் சம்பளக்காரரின் நிலையைச் சொல்வது. சம்பள நாளில் தொடங்கும் மகிழ்ச்சி, நாள் செல்லச் செல்லச் சுருங்கி, மாதக் கடைசியில் திண்டாட்டமாக முடிவதை அப்பாட்டு நகைச்சுவையோடு சொல்லிற்று. தமிழர் வீடுகளில் முதல் தேதி வரும்போதெல்லாம் அப்பாட்டு நினைவுக்கு வருவது இன்றும் உண்டு. எழுபது ஆண்டுகளில் சம்பளம் கையில் எண்ணி வாங்கும் நிலை மாறி, கணக்கில் வரவு வைக்கப்படும் நிலை வந்துவிட்டது. மாதக் கடைசி மட்டும் மாறவில்லை. வங்கிக் கிளைகளில் முதல் வாரத்துக் கூட்டத்தையும் கடைசி வாரத்து அமைதியையும் கண்ட எவரும் இதனை ஒப்புவர்.

கொடுத்தவரின் கணக்கு

ஈட்டிய பொருளைக் கொடுத்து மகிழ்ந்தவர் கிருஷ்ணன் என்பதில் அவரை அறிந்தோரிடையே கருத்து வேறுபாடு இல்லை. உதவி கேட்டு வந்தோர், நலிந்த கலைஞர்கள், பள்ளிகள், இயக்கங்கள் என்று அவர் கை நீண்ட இடங்கள் பல. நாகர்கோவிலில் காந்தியடிகளுக்கு ஒரு நினைவுத்தூணை எழுப்பியவரும் அவரே. அந்தக் கொடையில் விளம்பரம் இல்லை; கணக்கும் இல்லை.

1957 ஆகஸ்ட் 30-ஆம் நாள், சென்னையில் அவர் மறைந்தார். முன்னணிக் கலைஞராய் இருபது ஆண்டுகளுக்கு மேல் விளங்கியவர் பெரும் செல்வம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. மதுரம் அவருக்குப்பின் 17 ஆண்டுகள் வாழ்ந்து, 1974-இல் மறைந்தார்.

கணவர் வாரி வழங்கியது பெருமையா, குடும்பத்துக்கு இழைத்த குறையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முற்படவில்லை. கொடுப்பதில் அவர் கண்ட நிறைவை எந்த வட்டி விகிதத்தாலும் அளக்க இயலாது. எனினும் ஒன்றை நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் காலத்துக் கலைஞருக்கு இருந்த ஏற்பாடுகள் யாவை? தொழிலாளர் வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல் வந்தது. அது ஆலைகளுக்கும் நிறுவனங்களுக்கும் உரியது, ஒப்பந்தத்தில் நடிப்பவருக்கு அதில் இடமில்லை. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956 செப்டம்பரில் தோன்றியது. கலைவாணர் மறைந்தபோது அதற்கு ஓராண்டுகூட நிறையவில்லை. வங்கியில் போட்ட பணத்துக்குக் காப்பீடு 1962-இல்தான் வந்தது. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு 1,500 ரூபாய். 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையானது 1969 ஜூலையில். அதே ஆண்டு சனவரியில்தான் முதல்வர் அண்ணா சென்னை தியாகராய நகரில் கலைவாணரின் சிலையைத் திறந்து வைத்திருந்தார். மனிதர்களே ஒருவருக்கொருவர் காப்பீடாக இருந்த காலத்தில் வாழ்ந்தவர் அவர். தம்மிடம் இருந்ததைப் பிறருக்குக் காப்பீடாக்கினார். அவருக்கான காப்பீடாக நின்றவர் மதுரம்.

இன்றைய மேடைக்கு

இன்று ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் இளைய தலைமுறைக்கு வாய்ப்புகள் பெருகியிருக்கின்றன. ‘பாட்காஸ்ட்’ என்னும் சொல்லே 2004-இல்தான் அச்சில் தோன்றியது. அமெரிக்காவில் ஸ்காட் ஆகர்மன் 2009-இல் ஒரு வானொலி நிலையத்தில் தொடங்கிய நிகழ்ச்சி ‘காமெடி பேங்! பேங்!’ என்னும் வலையொலியாக வளர்ந்தது. விருந்தினர்கள் கற்பனைப் பாத்திரங்களாக வந்து முன்னேற்பாடின்றி உரையாடுவதே அதன் சிறப்பு. மும்பை, பெங்களூரு, சென்னை மேடைகளிலும் இக்கலை வேரூன்றிவிட்டது. ஆயினும் வருவாயின் இயல்பு பபூன் காலத்திலிருந்து பெரிதும் மாறவில்லை. ஸ்பெஷல் நாடகக் கலைஞருக்குத் திருவிழா மாதங்களில் இரவுதோறும் மேடை. மழை மாதங்களில் வீடே கதி. வலையொலி நடத்துபவருக்கு ஒரு மாதம் விளம்பரம் கிட்டும். மறு மாதம் கிட்டாது. கலைஞர் மட்டுமா? ஓட்டுநர், தையற்காரர், மின்பணியாளர், பயிற்சியாசிரியர் என நம் வாடிக்கையாளருள் பெரும்பகுதியினர் முதல் தேதி இல்லாதவர்களே.

அவர்கள் கருத்தில் கொள்ளத்தக்க சிலவற்றைச் சொல்லி அமைகிறோம்.

வருவாய் ஏறியிறங்கும் தொழிலில் இருப்போர், வரும் தொகை முழுவதையும் ஒரு கணக்கில் வாங்கி, அதிலிருந்து மாதந்தோறும் ஒரே அளவான தொகையை வீட்டுச் செலவுக்கென மற்றொரு கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். தமக்குத் தாமே சம்பளம் கொடுக்கும் முறை இது. செழிப்பான மாதத்தின் மிச்சம் வறண்ட மாதத்தைத் தாங்கும்.

ஆறு மாதச் செலவுக்கான தொகையேனும் எளிதில் எடுக்கத்தக்க வைப்பாக இருத்தல் நன்று. நெருக்கடி முப்பது மாதம் நீடிக்கக்கூடும் என்பதைக் கலைவாணரின் வாழ்வு காட்டுகிறது. எனினும் முதல் ஆறு மாதங்களைக் கடப்பவர்க்கே மற்ற மாதங்களைப் பற்றிச் சிந்திக்க நிதானம் கிட்டும்.

முதுமைக்கென ஒப்பந்தக் கலைஞருக்கும் இன்று வழியுண்டு. பொது வருங்கால வைப்புநிதியில் ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் 1,50,000 ரூபாய் வரை செலுத்தலாம். முதிர்வுக் காலம் 15 ஆண்டுகள். வருமான வரி செலுத்தாத 18 முதல் 40 வயதுக்குட்பட்டோர் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்து, 60 வயதுக்குப்பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை ஓய்வூதியம் பெறலாம். பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டில் ஆண்டுக்கு 436 ரூபாயும், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் 20 ரூபாயும் கணக்கிலிருந்து செலுத்தினால், ஒவ்வொன்றும் 2 லட்சம் ரூபாய் வரை காப்பளிக்கும். வங்கி வைப்புக்கான காப்பீடும், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் என்னும் அளவுக்கு உயர்ந்துள்ளது.

கொடையுள்ளம் கொண்டோர் அதனைக் கைவிட வேண்டியதில்லை. வருவாயில் இத்தனை பங்கு பிறருக்கு என்று வரையறுத்து, அதனைத் தனியே ஒதுக்கி வைத்தால், கொடுக்கும் கை நெடுங்காலம் தளராது.

இவை அனைத்தினும் முக்கியமானது, வீட்டிலுள்ள மற்றவர்க்கும் கணக்குத் தெரிந்திருத்தல். எந்த வங்கியில் என்ன இருக்கிறது, எந்தக் காப்பீட்டின் தவணை எப்போது, யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பவற்றை வாழ்க்கைத்துணையிடம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். நெடுநாள் முன் பதிந்த பெயர் இன்றைக்கும் பொருந்துமா என்று சரிபாருங்கள்.

வில்லுப்பாட்டில் நடுவே இருப்பவர் மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் இருப்பவர் பாட்டை ஏந்திக்கொள்வார். அதற்கு அவருக்கும் கதை தெரிந்திருக்க வேண்டும். 1944-இல் மதுரத்துக்குக் கதை தெரிந்திருந்தது.